இலைக்குப் பின்னால் ஒரு வால்

மலை மேல் இருந்த பிரிஞ்சாங் டவுனில், சீன முதலாளி லோ தவுக்கேயின் போட்டோக் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் சிரித்துக்கொண்டிருந்த கல்யாண ஜோடிகள் அத்தனை பேருக்கும் கன்னத்தில் ரோஜா நிறம் பூசிவிட்டவள் ரஞ்சிதம். எழுபதுகளின் நடுப்பகுதி அது. கலர் பிலிம் வராமல் இல்லை. ஆனால் அதைக் கழுவ ஈப்போவுக்கு அனுப்ப வேண்டும், திரும்பி வரும்போது கல்யாணப் பெண் மாசமாகியிருப்பாள். அதனால் மலையில் இருந்தவர்கள் கறுப்பு வெள்ளையில் எடுத்து, விசேஷப் படங்களுக்கு மட்டும் கையால் வர்ணம் போட்டுத் தரச் சொல்வார்கள். புடவை என்ன நிறம், மாப்பிள்ளையின் கோட்டும் சிலுவாரும் என்ன நிறம் என்று ரஞ்சிதம் கேட்டுக்கொள்வாள். பஞ்சில் வர்ணத்தைத் தொட்டு மெல்லத் தேய்ப்பாள். செத்துப்போனவர்களின் படமும் வரும். "அப்பாவோட சட்டை என்ன கலருங்க?" என்று கேட்டால் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ஞாபகம் இருக்காது. அப்படிப்பட்ட சட்டைகளுக்கெல்லாம் ரஞ்சிதம் வெளிர் நீலம் போட்டாள். யாரும் குறை சொன்னதில்லை.

அவள் பிறந்து வளர்ந்தது டவுனுக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில். கூடையைத் தலையில் மாட்டிக் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தவள்தான். காய்கறி லோரி ஓட்டிக்கொண்டிருந்த வேலப்பனைக் கட்டிக்கொண்டாள். நல்ல மனுஷன், நிறைய விசிலடிப்பான். கட்டி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, கோலா தெர்லாவிலிருந்து கோசு ஏற்றி வந்த அவன் லோரி மழையில் வளைவு திரும்பும்போது பள்ளத்தில் சரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவளால் மலைக்காட்டில் நிற்க முடியவில்லை. எந்த மேட்டில் நின்று கொழுந்து எடுத்தாலும் கீழே தார்ச் சடக்கு தெரிந்தது. சடக்கில் எப்போதும் ஏதாவது ஒரு லோரி ஏறிக்கொண்டிருந்தது. கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஜன்னலே இல்லாத வேலை எங்கே கிடைக்கும் என்று தேடினாள். லோ தவுக்கே படம் கழுவும் இருட்டறையில் ஜன்னல் கிடையாது. ஒரு சிவப்பு பல்பும் மூன்று தட்டு மருந்துத் தண்ணீரும்தான். வெள்ளைத்தாள் தண்ணீருக்குள் கிடக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் அதன் அடியிலிருந்து ஒரு முகம் மெல்ல எழுந்து வரும். அந்த நேரத்தில் ரஞ்சிதம் மூச்சு விடுவதைக்கூட மறந்துவிடுவாள்.

ஒரு சனிக்கிழமை லோ தவுக்கே ஒரு படத்தை அவள் மேசை மேல் போட்டார்.

"ரஞ்சி, இதுக்குக் கலர் போடு. தோட்டத்து பேக்டரி ஆளு குடுத்தது. பறவைப் படமாம்."

ரஞ்சிதம் படத்தை நேராகவும் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தாள். இலைகள் இருந்தன. இலைகளுக்கு நடுவே ஒரு குச்சி. குச்சி மேல் ஒரு வெள்ளைக் கன்னம், அதற்குக் கீழே அரை இறக்கை, மிச்சமெல்லாம் இலை.

"பறவை எங்க இருக்கு, தவுக்கே?"

"அதைத்தான் நானும் கேக்கிறேன் லா. காசு குடுத்துட்டான், கலர் போட்டுடு."

பறவை என்றால் அவளுக்குத் தெரிந்தது கிளி. உடம்புக்குப் பச்சையும் மூக்குக்குச் சிவப்பும் போட்டுக் காய வைத்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை அந்த ஆள் வந்தார். பெயர் சிவசாமி. பேக்டரியில் என்ஜினும் கொழுந்தை உருட்டும் ரோலர் மிஷின்களும் அவர் பொறுப்பு. ஒல்லியான உடம்பு, எவ்வளவு தேய்த்தும் போகாத எண்ணெய்க் கறை நகக்கண்ணில். தங்கச்சிமார்களைக் கரையேற்றி, படுக்கையில் கிடந்த தகப்பனைப் பார்த்து, நிமிர்ந்தபோது நாற்பது நெருங்கிவிட்டிருந்தது. கல்யாணப் பேச்சு அப்படியே நின்றுபோன ஆள். இத்தனை வருஷம் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றதில் காது மந்தமாகிவிட்டது. காது கேட்காதவர்கள் உரக்கப் பேசுவார்கள். இவர் நேர்மாறு. நாம் கத்திவிடுகிறோமோ என்று பயந்து பயந்து உதட்டுக்குள்ளேயே பேசுவார்.

படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை.

"கிளியா இது?" என்றார்.

"கிளி இல்லீங்களா?"

அவருக்குக் கேட்கவில்லை. அவள் தலையையும் கையையும் ஆட்டி மறுபடி கேட்டாள்.

"தொண்டையில மஞ்சளாத் தெரிஞ்ச மாதிரி ஞாபகம். சரியாச் சொல்ல முடியலம்மா. படம் பிடிக்கிற அவசரத்துல கண்ணை அந்தச் சின்ன ஓட்டையில வெச்சிட்டேன். அதுக்குள்ள எல்லாம் கடுகு மாதிரிதான் தெரியுது."

ஊருக்குத் திரும்பிய ஒரு சின்னத்துரை கொடுத்துவிட்டுப் போன பழைய கேமரா அது. தூரத்தை இழுத்துக் காட்டும் கண்ணாடியெல்லாம் அதில் கிடையாது. பறவை கிட்டே வரும் என்று சிவசாமி காத்திருப்பார். அது வராது. வந்தால் இலைக்குப் பின்னால் உட்காரும்.

அவர் படத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.  செத்தவர்களுக்கு நீலச்சட்டை போட்டபோதெல்லாம் உறுத்தாத ரஞ்சிதத்தின் மனசு, ஒரு குருவிக்குப் பச்சை போட்டதில் உறுத்தியது.

அவள் தன் அக்காள் செல்லத்தின் லயத்து வீட்டில் இருந்தாள். விடிந்ததும் தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் இறங்கி சடக்குக்கு வருவாள். இத்தனை நாளும் தலையைக் குனிந்தே வந்துகொண்டிருந்த பாதை அது. மறுநாளிலிருந்து தலை நிமிர்ந்தது. காலையில் மூட்டம் தேயிலை மேல் படுத்துக் கிடக்கும். மேடுகள் மட்டும் தீவு மாதிரி வெளியே தெரியும். மூட்டத்துக்குள்ளேயிருந்து சத்தம் வரும், ஆள் தெரியாது. அவள் நின்று கேட்பாள். நின்றால் கண்ணில் படும் என்று கண்டுபிடிக்க அவளுக்குச் சில வாரங்கள் பிடித்தன.

ஒரு நாள் காட்டோரத்தில் ஒரு கூட்டமே புதரைக் கலைத்துக்கொண்டு வந்தது. கறுப்புத் தலை. கன்னத்தில் வெள்ளி வைத்தாற்போல ஒரு பளபளப்பு. தொண்டை ஆரஞ்சும் மஞ்சளும் குழைந்த நிறம், இறக்கையில் குங்குமத் தீற்றல். ரஞ்சிதம் பாதையிலேயே நின்றுவிட்டாள். பஸ்ஸை விட்டாள். டவுன் வரைக்கும் நடந்தே போய், செருப்பைக் கழற்றாமல் மேசையில் உட்கார்ந்து, அந்த நெகட்டிவைத் தேடி எடுத்து, புதிதாக ஒரு பிரதி போட்டு, பார்த்தது மறப்பதற்குள் வர்ணம் பூசினாள்.

சனிக்கிழமை சிவசாமி அதைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை அவள் பார்த்தாள்.

"இதேதான்," என்றார். "இதேதான்ம்மா. எங்க பார்த்த?"

"எங்க லயத்துக்குக் கீழ!" அவள் கத்தினாள். "நூறு இருக்கு!"

அதற்கு வெள்ளிக்காது என்று அவர்களாகவே பெயர் வைத்தார்கள்.

அப்படித்தான் தொடங்கியது. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து சிவசாமி பிலிமோடு வருவார். அந்த வாரம் கழுவியதை ரஞ்சிதம் மேசையில் பரப்புவாள். இருவரும் குனிந்து பார்ப்பார்கள். ஒன்றில் வால் மட்டும் இருக்கும். ஒன்றில் வயிறு. ஒன்றில் பனியைத் தவிர ஒன்றுமே இருக்காது, ஆனால் அந்தப் பனிக்குள் ஏதோ இருந்தது என்று சிவசாமி சத்தியம் பண்ணுவார். ஓடைக் கல்லின் மேல் கறுப்பும் வெள்ளையுமாக, கத்தரிக்கோல் வாலோடு ஒன்று நின்றிருந்த படத்துக்கு அவள் மூன்று வாரம் நிறம் தேடினாள். கடைசியில் ஓடைக்கே போய்ப் பார்த்தால் பறவையே கறுப்பு வெள்ளைதான். "இதுக்கு நான் வேணாம்," என்று சிரித்தாள். இன்னொரு தடவை ஒரு கழுகின் முதுகு என்று முடிவு செய்து, என்ன கழுகு என்று மாதக்கணக்கில் பேசி, சிவசாமி மறுபடி அந்த இடத்துக்குப் போனபோது கழுகு அதே கிளையில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தது. காய்ந்து சுருண்ட பெரிய இலை. அந்தச் செய்தியைச் சொல்ல அவர் வெட்கப்பட்ட வெட்கத்தைப் பார்த்து லோ தவுக்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் இருக்கும் ஒரு பெரிய தொந்தரவு அவர்களுக்குப் போகப்போகத்தான் புரிந்தது. சிவப்பும் பச்சையும் அதில் ஒரே சாம்பல். தலை ரத்தச் சிவப்பாக இருக்கும் பறவை பச்சை இலைக்கு முன்னால் உட்கார்ந்தால், தலை இலையோடு கரைந்துவிடும். ஒரு படத்தில் கறுப்பும் வெள்ளையுமாகப் படி படியாய் அடுக்கின வால் ஒன்று அந்தரத்தில் தொங்கியது. அதற்கு மேலே உடம்பே இல்லை. ரஞ்சிதம் கண்ணாடிவில்லையை வைத்து இலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். ஓர் இலைக்கு நரம்பு இல்லை. அந்த நரம்பில்லாத இலைதான் நெஞ்சு. அதற்கு மேலே இருந்தது கழுத்து. அங்கே ஒரு புள்ளி வெளிச்சம், அது கண். பறவை இத்தனை நேரமும் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"பறவை மேல ஏன் இவ்வளவு ஆசை உங்களுக்கு?" என்று ஒரு நாள் கேட்டாள்.

சிவசாமி யோசித்தார். "பேக்டரிய விட்டு வெளிய வந்தா எனக்கு எதுவும் கேக்கறதில்ல. மரத்துல உக்காந்து அது வாயைத் தொறக்குது, தொண்டை துடிக்குது. சத்தம் வரல. என்ன சொல்லுதுன்னு தெரியல. யாருன்னாவது தெரிஞ்சுக்கலாமேன்னு."

அதற்குப் பிறகு அவள் அவருக்காகக் கேட்க ஆரம்பித்தாள். "சில்வண்டு மாதிரி தொடங்குதுங்க. அப்புறம் உங்க ரோலர் வேகம் பிடிக்கிற மாதிரி ஓடி ஓடி, சுவிச்சை அணைச்ச மாதிரி நின்னுடுது." அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார். ரோலர் சத்தம் மட்டும் அவருக்கு உள்ளேயே இருந்தது.

வீட்டில் செல்லம் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு நாள் மாவு பிசைந்துகொண்டே கேட்டாள்.

"ஏன்டி, லயத்துல இருக்கிற கிழவன்லேர்ந்து பஸ் டிரைவர் வரைக்கும் எல்லாரையும் அண்ணேங்கிற. அந்த என்ஜின்காரரை மட்டும் ஏன் 'இங்க பாருங்க'ங்கிற?"

 ரஞ்சிதத்துக்கே அப்போதுதான் அது தெரிந்தது.

வேலப்பனுக்கு ஒரே ஒரு படம்தான் இருந்தது. கல்யாணத்தன்று படம் பிடிக்க வர வேண்டியவர் வரவில்லை. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் யாரோ எடுத்த கூட்டத்துப் படத்தில் அவன் நிற்கிறான். தூறலுக்கு எவனோ விரித்த குடை அவன் முகத்தின் பாதியை மறைத்திருக்கிறது. ஒரு கண், ஒரு காது, சிரிப்பின் ஒரு பக்கம். இத்தனை குருவிகளுக்கு மிச்சத்தைக் கண்டுபிடித்தாகிவிட்டது, இவருக்கு முடியாதா என்று ரஞ்சிதத்துக்கு ஓர் ஆசை வந்தது. படத்தைப் பெரிதாக்கினாள். குடையை வெள்ளை மையால் அழித்தாள். மெல்லிய தூரிகையால் மறு கண்ணை வரைந்தாள். யாரோ ஒருவன் அவளைப் பார்த்தான். அழித்தாள், மறுபடி வரைந்தாள். அவனும் வேறு ஆள். கண்ணை மூடினால் விசில் கேட்டது, சட்டை வாசம் வந்தது. முகத்தின் அந்தப் பக்கம் மட்டும் வரவே இல்லை.

அந்தச் சனிக்கிழமை சிவசாமி வந்தபோது அவள் அந்தப் படத்தை மறைக்கவில்லை. தள்ளி வைத்தாள்.

"இவரோட மறுபாதி எப்படி இருந்திருக்கும்னு உங்களால சொல்ல முடியுமா?"

சிவசாமி கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு பறவையைப் பார்க்கும் அதே கவனத்தோடு பார்த்தார்.

"நான் இவரைப் பார்த்ததில்லையேம்மா," என்றார். பிறகு, "குருவின்னா ஒண்ணு மாதிரியே நூறு இருக்கும். ஒண்ணுல வால் தெரியும், ஒண்ணுல தலை தெரியும். சேர்த்துக்கலாம். மனுஷன் ஒருத்தர்தானே."

ரஞ்சிதம் அழுதாள். அவன் போன அன்றைக்கு அழாத அழுகை அது. சிவசாமி எழுந்து போகவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. அவள் முடிக்கிற வரைக்கும் மேசை மேல் இருந்த மற்றப் படங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் அந்தத் திருவிழாப் படத்தில் புதுப் பிரதி ஒன்று எடுத்து, குடையைக் குடையாகவே விட்டு, தெரிகிற பாதிக்கு மட்டும் வர்ணம் போட்டு, வீட்டுச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

எழுபத்தெட்டின் கடைசியில் அந்தக் கண்கள் வந்தன.

சிவசாமி எடுத்தது மரத்தில் இருந்த வேறு ஏதோ ஒன்றை. பேக்டரிக்குப் பின்னால் மலை உச்சிக்கு ஏறும் காட்டுப்பாதையில் எடுத்த படம். மரத்துப் பறவை பறந்துபோய் வெறும் கிளைதான் விழுந்திருந்தது. ரஞ்சிதம் தட்டில் தாளை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கிளை வந்தது, பாசி வந்தது, கீழே பெரணி இலைகள் வந்தன. பெரணிக்கு அடியில், இருட்டிலிருந்து, இரண்டு வட்டக் கண்கள் மேலே வந்தன. அவற்றுக்குப் பின்னால் இன்னும் இரண்டு. பிறகு இன்னும். அவள் தாளை ஆட்டுவதை நிறுத்தினாள்.

லோ தவுக்கே தண்ணீர்ச் சொட்டு என்றார். செல்லத்தின் புருஷன் மாடசாமி சிறுத்தைக் குடும்பம் என்றார். லயத்தில் ஒருத்தி, முனி என்றாள். அந்தப் பாதையில் விளக்கு வைக்கச் சொன்னாள். சிவசாமி மட்டும், அன்றைக்கு அங்கே நின்றபோது எதுவுமே தெரியவில்லை என்றார். காலடியில் நின்றிருக்கிறது, தெரியவில்லை.

தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி அமிர்தலிங்கம் குடும்பப் படம் வாங்க வந்தவர், மேசையில் அதைக் கண்டார். ஆபீஸ் அலமாரியில் துரைமார் விட்டுப்போன பறவைப் புத்தகம் ஒன்று கிடப்பதாகச் சொன்னார். சொன்னதோடு நில்லாமல் அடுத்த வாரம் கொண்டுவந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளி, இங்கிலீஷை வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னார். அவருக்கும் ஆர்வம் தொற்றிக்கொண்டது.

"இது கண்ணில்ல. வால்ல இருக்கிற பொட்டு. மயில் சாதி. ஆனா மயிலில்ல, கோழி அளவுதான். ரெண்டு வகை போட்டிருக்கான். ஒண்ணு தாழ்வான காட்டுல இருக்கிறது, தலையில கொண்டை இருக்கும், கண்ணைச் சுத்தி ஆரஞ்சுத் தோல். இன்னொண்ணு மேல மலையில இருக்கிறது. கொண்டை இல்ல, முகமும் இருட்டு. வால்ல ரெண்டுக்கும் பொட்டு உண்டு."

"நம்மது மலைதானேங்க? அப்ப மலைக்காரன்தான்," என்றாள் ரஞ்சிதம்.

சிவசாமி ஒத்துக்கொள்ளவில்லை. "வாலு மட்டும்தானே இருக்கு. தலையைப் பார்க்காம எப்படிச் சொல்றது?"

தலையைத் தேடி ஒரு வருஷத்துக்கு மேல் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. சிவசாமி தனியாகப் போய்த் தனியாகத் திரும்பினார். அந்தப் பறவை தரையில் நடக்கும், காலடிச் சத்தத்தில்தான் அதைப் பிடிக்க முடியும் என்று புத்தகத்தைப் பார்த்துக் கிராணி சொன்னதும், அவர் கேமராவைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டார்.

"என்னால ஆகாதும்மா. எனக்குப் பின்னால லோரி வந்தாலே தெரியாது."

"நான் வரேன்," என்றாள் ரஞ்சிதம்.

செல்லம் குதித்தாள். "காட்டுக்குள்ளயா? ஜனங்க வாய் சும்மா இருக்குமா?" சண்டையின் முடிவில், செல்லமும் கூட வருவதாக முடிவாயிற்று. அடுக்குச் சட்டியில் புளிச்சோறும் நெத்திலிச் சம்பலும் கட்டிக்கொண்டு, ஏறும்போதெல்லாம் திட்டிக்கொண்டே அவள் முன்னால் ஏறினாள்.

தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் உலகமே மாறிவிடும். மேலே போகப் போக மரங்கள் குட்டையாகும். தண்டு, கிளை, வேர் எல்லாவற்றிலும் பாசி கம்பளி மாதிரி போர்த்தியிருக்கும். கால் வைத்தால் தரை அமுங்கும். மேகம் மரத்துக்கு மரம் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். ஒரு நேரம் சிவசாமி பக்கத்தில் இருந்தார், இன்னொரு நேரம் அவருடைய தொப்பி மட்டும் மிதந்தது. சொட்டுச் சொட்டாக எல்லாப் பக்கமும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க ரஞ்சிதத்துக்குத் தான் இருட்டறைத் தட்டுக்குள் இறங்கிவிட்டாற்போல இருந்தது. யாரோ மேலேயிருந்து தங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், தாங்கள் இன்னும் முழுசாக எழுந்து வரவில்லை.

அந்தப் பெரணிகளுக்கு எதிரே ஒரு வேரில் உட்கார்ந்தார்கள். செல்லம் சாப்பிட்டுவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மரத்தில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தண்ணீர்ச் சொட்டுக்கு நடுவில் வேறு ஒரு சத்தம் வந்தது. ஈர இலையை ஒரு கால் புரட்டுகிறது. நிற்கிறது. மறுபடி புரட்டுகிறது. ரஞ்சிதம் திரும்பாமலே சிவசாமியின் மணிக்கட்டைத் தொட்டாள். சத்தம் இடதுபுறம் நகர்ந்தது. அவர் கையை மெல்ல இடதுபுறம் திருப்பினாள். அவர் கேமராவை அந்தப் பக்கம் உயர்த்தினார். மேகம் வந்து மூடியது. இலை புரண்டது, கிட்டத்தில். மேகத்தில் ஒரு கிழிசல் விழுந்தது. அதற்குள் ஏதோ கறுத்து நின்றது. அவள் மணிக்கட்டை அழுத்தினாள். கேமரா ஒரு தரம் சொடுக்கியது.

அவ்வளவுதான். பிறகு வெறும் வெள்ளை.

"பார்த்தீங்களா?" என்று அவர் காதருகே கேட்டாள்.

"ஓட்டைக்குள்ள கடுகு," என்றார் சிவசாமி.  அவள் இன்னும் மணிக்கட்டை விடவில்லை என்பதை இருவரும் ஒரே நேரத்தில் கவனித்தார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை. சிவசாமி பேக்டரியில் சொல்லிக்கொண்டு வந்துவிட்டார். இருட்டறைக்கு அவரை அவள் அழைத்தது அதுதான் முதல் தடவை. இரண்டு பேரும் தட்டின் மேல் குனிந்தார்கள். ஒரு பாசி வேர் வந்தது. அதற்கு மேலே மெல்ல, கொண்டை இல்லாத ஒரு வழுவழுத்த தலை வந்தது. இருண்ட முகம், வளைந்த கழுத்து. கழுத்துக்குக் கீழே பெரணி. இந்தத் தடவை வாலில்லை.

இரண்டு படத்தையும் காய வைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். இந்த வாலுக்கு இந்தத் தலையா, இரண்டும் வேறு வேறு பறவைகளா, யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் சிவசாமி ஒத்துக்கொண்டார்.

"மலைக்காரன்தான்," என்றார்.

பிறகு இன்னும் ஏதோ சொன்னார். வழக்கத்தைவிட மெதுவாகச் சொன்னதால் இந்த முறை அவளுக்குக் கேட்கவில்லை.

"என்னங்க?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு மறுபடி சொன்னார். அவளுக்குப் புரிந்துவிட்டது. முகமெல்லாம் சூடாகியது.

"சரிங்க," என்றாள் மெல்ல.

"ஆ?"

"சரின்னு சொன்னேன்."

"என்னம்மா? கேக்கல."

வெளியே கடையில் லோ தவுக்கே கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, லெம்பா பெர்த்தாமிலிருந்து வந்த ஒரு பெரிய குடும்பத்தை அசையாமல் நிற்க வைத்திருந்தார்.

"சரி! உங்களைக் கட்டிக்கிறேன்னு சொன்னேன்!" என்று இருட்டறைக்குள்ளிருந்து ஒரு குரல் கத்தியது.

குடும்பம் முழுக்க வாயைப் பிளந்தது. அந்த நேரம் பார்த்து லோ தவுக்கே பட்டனை அழுத்திவிட்டார். அந்தப் படம் இப்போதும் யார் வீட்டிலாவது தொங்கிக்கொண்டிருக்கும். தவுக்கே துணியை விலக்கி வெளியே வந்து, "இத்தனை வருஷமா லா! நான் நினைச்சேன் நீங்க பறவைதான் பார்க்கிறீங்கன்னு," என்றார்.

எண்பதில் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினார்கள். விதவைக்குக் கல்யாணமா என்று முணுமுணுத்தவர்களைச் செல்லம் ஒருத்தியே பார்த்துக்கொண்டாள். கல்யாணப் படத்தில் யார் முன்னாலும் குடை வராமல் தவுக்கே தானே நின்று ஆட்களை விலக்கினார். வாலும் தலையுமாக அந்த இரண்டு படங்களும் ஒரே சட்டத்துக்குள் கடைக் கண்ணாடிப் பெட்டியில், கல்யாண ஜோடிகளுக்கு நடுவில் இடம்பிடித்தன. கண்பொட்டுகளுக்கு மட்டும் ரஞ்சிதம் பச்சையும் நீலமும் தொட்டிருந்தாள். பாசார் மாலாம் இரவுச் சந்தைக்கு வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, நடுவில் உடம்பு எங்கே என்று கேட்பார்கள். செல்லம் மட்டும் அதை முழுசாகப் பார்த்தவள் தான் ஒருத்திதான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். வருஷா வருஷம் அவள் சொல்லும் வால் ஒரு சாண் நீண்டது.

பேக்டரிக்குப் பக்கத்திலேயே அவர்களுக்கு ஒரு வீடு கிடைத்தது. ஒரு பெண் குழந்தை பிறந்தது. சீதா என்று பெயர் வைத்தார்கள். கலர் பிலிம் மலிவானது. ரஞ்சிதம் வர்ணப் பெட்டியை மூடிவிட்டு, கல்லாவில் உட்கார்ந்து பில் எழுதினாள், அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. சிவசாமியின் படங்களில் இப்போது இலை பச்சையாகவே விழுந்தது, பறவை அதற்குப் பின்னாலேயே உட்கார்ந்தது.

எண்பத்து மூன்றில் அக்டோபர் மாதம் ஒரு விடியற்காலை. மூட்டம் வாசல்படி வரைக்கும் வந்திருந்தது. இரவு வேலை முடிந்து வந்த சிவசாமி தொப்பியைத் தலையில் போடாமல், இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். அந்த மாதங்களில் வடக்கேயிருந்து கூட்டங்கூட்டமாய் வரும் பறவைகள் பனியில் வழி தவறி, பேக்டரி விளக்கைப் பார்த்துக் கண்ணாடியில் வந்து மோதும். தொப்பிக்குள் அப்படி விழுந்த ஒன்று உட்கார்ந்திருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. மேலெல்லாம் மங்கின பழுப்பு. கண் பெரிது.

ரஞ்சிதம் அடுப்புக்குப் பக்கத்தில் தொப்பியை வைத்தாள். மறைக்க இலை இல்லை, பெரணி இல்லை, பனி இல்லை. தலையிலிருந்து நகம் வரைக்கும் அத்தனையும் தெரிந்தது. இருவரும் குனிந்து பார்த்தார்கள். அவர் இறக்கையை மெல்ல விரித்துப் பார்த்தார். அவள் வாலைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள்.

"என்னதுங்க இது?"

சிவசாமி உதட்டைப் பிதுக்கினார். "தெரியலையே. நம்ம ஊரு இல்ல."

குழந்தை சீதா எழுந்து வந்து அவர்களுக்கு நடுவில் புகுந்துகொண்டது. பறவைக்கு உடம்பு சூடேறியது. தொப்பியின் விளிம்புக்கு ஏறி நின்று, வாயைத் திறந்து, ஒரு சின்னச் சத்தம் போட்டது. சிவசாமி மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

ரஞ்சிதம் அந்தச் சத்தத்துக்கு எதைச் சொல்லலாம் என்று தேடினாள். ரோலர் இல்லை, சில்வண்டு இல்லை.

"இருங்க," என்றாள். "இன்னொரு தடவை கேட்டுட்டுச் சொல்றேன்."